கலைப் பட்டதாரியும் கணினிச் சான்றிதழும்

கலைப் பட்டம் பெற்றவர் கணினியை நாடிச் செல்கிறார் என்றால், தட்டச்சுப் பழகவோ அலுவலகக் கணக்கு வைக்கவோதான் செல்கிறார் என்று எண்ணுவது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. இலக்கியமும் வரலாறும் பயின்றவருக்கு அந்த யந்திரத்திடம் அதற்கு மேல் என்ன வேலை என்று கேட்போர் பலர். எனினும், சில ஆண்டுகளாகப் பல்கலைக் கழகங்கள் பலவும் கலைப் பட்டதாரிகளை முன்னிட்டே ஒரு சான்றிதழ்ப் படிப்பை நடத்தி வருகின்றன. ஆங்கிலத்தில் அதற்கு 'டிஜிட்டல் ஹியுமானிட்டீஸ்' என்று பெயர். பட்டம் பெற்ற பிறகு சில மாதங்களோ, ஓராண்டோ பயில்வதற்கு உரியது அது. உத்தியோகம் பார்த்துக்கொண்டே படிக்கும் வகையில் சில இடங்களில் அமைந்திருக்கிறது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இப்படிப்பினால் என்ன பயன், அதில் எதைக் கற்பிக்கிறார்கள், எதைக் கற்பிக்க இயலாது என்பவற்றைத் திருவனந்தபுரத்தை உதாரணமாகக் கொண்டு ஆராய்வோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் எளிதில் அகப்படுவதாக இல்லை. 'எண்ணிம மானுடவியல்' என்று சிலர் வழங்குகிறார்கள். ஆனால் மானுடவியல் என்ற சொல், மனித இனங்களையும் அவற்றின் வாழ்க்கை முறைகளையும் ஆராயும் வேறோர் இயலுக்கு நெடுங்காலமாக உரியதாகிவிட்டது. மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம், கலை ஆகியவற்றைக் கணினியின் துணைகொண்டு ஆராய்வதே இங்குப் பொருள். ஆதலின் 'கணினிவழிக் கலையியல்' என்று இக்கட்டுரையில் வழங்குவோம். பெயர் புதிது, அது குறிக்கும் உழைப்போ நமக்குப் புதியதன்று. திருவனந்தபுரத்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அவ்வுழைப்பு நடந்திருக்கிறது.

1962ஆம் ஆண்டு கேரளப் பல்கலைக் கழகத் தமிழ்த்துறை புறநானூற்றுக்கு ஒரு சொல்லடைவை வெளியிட்டது. அதனை ஆக்கியவர், நாகர்கோவிலை அடுத்த வடசேரியிற் பிறந்து, அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக் கழகத்தில் மொழியியல் பயின்று திரும்பிய வ.அய். சுப்பிரமணியம் ஆவார். பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியற் கழகத்தையும், 1977இல் பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளியையும் நிறுவி, 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் பொறுப்பேற்ற பெரியார் அவர். அவருடைய மாணவர்களும் சக ஆசிரியர்களும் அதே வழியில் பிற பழந்தமிழ் நூல்களுக்கும் அடைவும் இலக்கணமும் வகுத்தனர்.

சொல்லடைவு என்றால் என்ன? ஒரு நூலில் வரும் ஒவ்வொரு சொல்லையும் பிரித்தெடுத்து, அகர வரிசைப்படுத்தி, அது எந்தப் பாட்டில், எந்த அடியில் வருகிறது என்று குறித்து வைக்கும் பட்டியல். புறநானூற்றின் நானூறு பாட்டுகளுள் இரண்டு நமக்குக் கிடைக்கவில்லை. வேறு சில சிதைந்து கிடைக்கின்றன. எஞ்சியவற்றில் உள்ள சொற்கள் பல்லாயிரம். கணினி கைக்கு எட்டாத அந்நாளில், இத்தகைய அடைவுகளைச் சொல்லுக்கு ஒரு சீட்டாக எழுதி, சீட்டுகளைப் பெட்டிகளில் அடுக்கி, மீண்டும் மீண்டும் ஒப்பு நோக்கித்தான் தயாரித்து வந்தனர். ஒரு சொல் சங்க காலத்தில் இருந்ததா, பின்னர் வந்ததா, எந்தப் பொருளில் வழங்கியது என்று வாதிடுவோர் அதன்பின் நினைவை நம்பவேண்டியதில்லை. அடைவைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

ஏறத்தாழ இதே காலத்தில் இத்தாலியில் ராபர்ட்டோ பூஸா என்னும் ஏசு சபைப் பாதிரியார், புனித தாமஸ் அக்குவினாஸின் இலத்தீன் நூல்கள் அனைத்துக்கும் சொல்லடைவு செய்ய முற்பட்டிருந்தார். 1949ஆம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைக் கண்டு யந்திர உதவி பெற்றார். துளையிட்ட அட்டைகளில் சொற்களைப் பதியும் வேலையில் இளம் பெண்கள் பலர் ஈடுபட்டனர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வடைவு 56 தொகுதிகளாக 1970களில் அச்சாகத் தொடங்கியது. கணினிவழிக் கலையியலின் தோற்றம் இதுவே என்று உலகம் பொதுவாகச் சொல்லுகிறது. பூஸா யந்திரத்தை அமர்த்திக்கொண்டார்; திருவனந்தபுரத்தார் கையையும் கண்ணையும் அமர்த்திக்கொண்டனர். ஆனால் இரு சாராரும் முதலில் தீர்க்கவேண்டியிருந்த கேள்வி ஒன்றே: எது ஒரு சொல்?

இக்கேள்வி தமிழில் எத்துணைக் கடினமானது என்பதை நம் இலக்கணிகள் அறிந்திருந்தனர். நன்னூலார் தனிமொழி, தொடர்மொழி என்று இரண்டை மட்டும் சொல்லி நிறுத்தாமல், பொதுமொழி என்று மூன்றாவதாக ஒன்றையும் வகுத்தார். எட்டு என்பது ஓர் எண். எள்ளை உண் என்னும் பொருளில் 'எள் து' என்று பிரிந்தும் நிற்கும். தாமரை ஒரு மலர். தாவுகின்ற மரை என்னும் விலங்காகவும் பிரியும். வேங்கை ஒரு மரம், புலியுமாம், வேகின்ற கையுமாம். பள்ளிக்கூடத்தில் இவற்றைப் படித்தபோது, இது புலவர்களுடைய விளையாட்டு என்று நம்மிற் பலர் நினைத்திருப்போம். கணினியின் முன் அமர்ந்தவுடன் இது விளையாட்டன்று என்பது விளங்கிவிடும். 'ஆறு' என்னும் எழுத்துக்கோவையை ஒரு நூலில் தேடச் சொன்னால், யந்திரம் நதியையும், வழியையும், எண்ணையும் ஒன்றாகக் கூட்டி ஒரு தொகையைச் சொல்லும். அத்தொகையில் கூட்டற்பிழை இராது. ஆயினும் அது எதைக் குறிக்கும் தொகை என்று கேட்டால் விடை இராது. எதை எண்ணவேண்டும் என்று தீர்மானிப்பது படித்தவருடைய கடமை. இச்சான்றிதழ்ப் படிப்பின் சாரம் இதுவே என்பது நமது கருத்து.

இனி, அப்படிப்பில் பொதுவாகக் கற்பிக்கப்படும் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, எழுத்துகளைக் கணினிக்கு உரியவையாக ஆக்குதல். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தமிழுக்குத் தனித்தனி எண் முறையை வகுத்து வைத்திருந்தபடியால், சென்னையில் அச்சடித்த கோப்பு சிங்கப்பூரில் திறந்தால் புரியாத குறிகளாகத் தோன்றிற்று. உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு என்னும் முறையில் 1991ஆம் ஆண்டு முதல் தமிழுக்கும் இடம் உண்டு; தமிழ்நாடு அரசு 2010இல் அதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய ஆவணங்களைப் படிப்போருக்கு ஒரு குறை நெடுநாள் நீடித்தது. நிலக்கணக்கு ஓலைகளில் மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. இப்பின்னங்களுக்கும், நெல், பணம் முதலியவற்றுக்கும் நம் முன்னோர் தனித்தனிக் குறியீடுகளை வைத்திருந்தனர். 2019ஆம் ஆண்டிலேதான் இத்தகைய 51 குறியீடுகள் யூனிகோட்டில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் ஓர் ஓலையை உள்ளபடியே பெயர்த்தெழுத ஒருவர் விரும்பினாலும், பொது முறையில் அதற்கு வழி இல்லாமல் இருந்தது.

இரண்டாவது, குறியிடல். பெயர்த்தெழுதிய வாசகத்தில் இது ஆளின் பெயர், இது ஊரின் பெயர், இங்கே ஓலை முறிந்திருக்கிறது, இவ்வெழுத்து நாம் ஊகித்தது என்று, படிப்போரும் கணினியும் ஒருங்கே அறியும் வண்ணம் அடையாளம் இடுதல். உரையாசிரியர்கள் பாடபேதம் காட்டியதும், உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததும் இதே நேர்மையின் பாற்பட்டவை. ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். ஆகவே ஓலையைப் படிப்பவர் ஒவ்வோர் அடியிலும் முடிவு செய்துகொண்டே போகிறார். அம்முடிவுகளை மறைக்காமல் எழுதி வைப்பதற்கு உலகப் பொதுவான ஒரு முறையை 1987 முதல் அறிஞர்கள் கூடி வகுத்து வந்திருக்கிறார்கள். அம்முறையே இன்று பெரும்பாலான வகுப்புகளில் பயிற்றப்படுகிறது.

மூன்றாவது, ஆவணத்தைப் பற்றிய குறிப்பு. மெட்டாடேட்டா என்று ஆங்கிலத்தில் சொல்லும் இதனைக் கேட்டு மலைக்கவேண்டியதில்லை. நூல் செய்தவர் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்பதற்கு உரியவர், பெறும் பயன் என்னும் எட்டையும் சிறப்புப்பாயிரம் தெரிவிக்க வேண்டும் என்பது நம்மவர் வகுத்த விதி. காலமும் களமும் காரணமும் அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும். இன்றைய நூலகங்களின் கணினிப் பட்டியலில் நிரப்பவேண்டிய கட்டங்களும் ஏறக்குறைய இவைதாம். இதில் அசட்டையாக இருந்தால் விளைவு என்ன என்பதற்குத் திருவனந்தபுரத்தின் பெயரே சான்று. பழைய ஆங்கில ஆவணங்களில் அது ட்ரிவாண்ட்ரம். 1991இல்தான் அரசாங்க வழக்கில் திருவனந்தபுரம் என்று ஆயிற்று. செய்யுளில் அனந்தபுரம் என்றும், தமிழர் பேச்சில் அனந்தை என்றும் வரும். ஒரு பெயரை மட்டும் எழுதி வைத்த பட்டியலில் மற்றப் பெயரால் தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது. ஆவணமே இல்லை என்று அவர் முடிவுகட்டி விடுவார்.

காலக் குறிப்பும் அப்படியே. தென்திருவிதாங்கூர் ஓலைகள் கொல்லம் ஆண்டால் நாள் குறிப்பவை. கொல்லம் ஆண்டு ஆவணியிற் பிறப்பதால், ஆங்கில ஆண்டு காண மாதத்தைப் பார்த்து 824ஐயோ 825ஐயோ கூட்டவேண்டும். கொல்லம் 900 என்பது 1724 ஆகஸ்டுக்கும் 1725 ஆகஸ்டுக்கும் இடைப்பட்டது. ஓலையில் உள்ள ஆண்டை ஒரு கட்டத்திலும், நாம் கணக்கிட்ட ஆண்டை மற்றொரு கட்டத்திலும் எழுதுவதே முறை. ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதினால், பின்னால் வருபவர் நம் கணக்கைச் சரிபார்க்க வழியற்றுப் போவார்.

நான்காவது, எண்ணி ஆராய்தல். ஒருவர் எழுத்தில் சிறு சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, பெயர் தெரியாத நூலை இயற்றியவர் யார் என்று காண முயல்வது இதன் புகழ்பெற்ற பகுதி. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட பழைய கட்டுரைகளுள், ஹாமில்டன் எழுதியவையா மாடிசன் எழுதியவையா என்று வழக்கில் இருந்த பன்னிரண்டை, மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் இரு புள்ளியியலார் 1964இல் இம்முறையால் ஆராய்ந்து, மாடிசனுடையவை என்னும் முடிவுக்கு வலுச் சேர்த்தனர்.

திருவனந்தபுரத்துக்கும் இப்படி ஒரு வழக்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையின் தருவை என்னும் ஊரிலிருந்து வந்து இங்குப் பணியாற்றிய த. கணபதி சாஸ்திரியார், பத்மநாபபுரத்தை அடுத்த ஒரு மடத்தில் மலையாள எழுத்தில் எழுதப்பட்ட ஏடுகளைக் கண்டெடுத்தார். 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் அவர் பதிப்பித்த பதின்மூன்று நாடகங்களும், மறைந்துபோனவை என்று கருதப்பட்ட பாஸகவியின் நாடகங்களே என்று அவர் கூறினார். ஏடுகளில் ஆசிரியர் பெயர் இல்லை. எல்லாம் ஒருவர் செய்தவையா, கேரள நடிகர்கள் மேடைக்காகச் சுருக்கியவையா என்ற விவாதம் அன்று எழுந்து இன்னும் ஓயவில்லை. எண்ணிக்கை இவ்விவாதத்தைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நாடகங்களை நன்கு படித்தவர் எண்ணினால் புதிய சாட்சியம் ஒன்று கிடைக்கும். படியாதவர் எண்ணினால் வெறும் எண்களே கிடைக்கும்.

இவற்றோடு, ஊர்ப் பெயர்களைத் தேசப்படத்தில் பொருத்துதல், ஏடுகளை முறைப்படி படம் எடுத்தல், கோப்புகளைப் பல இடங்களிற் பாதுகாத்தல், பதிப்புரிமைச் சட்டம் ஆகியவையும் கற்பிக்கப்படும். நம் நாட்டில் ஓர் ஆசிரியர் மறைந்த பின் அறுபது ஆண்டுகள் வரை அவருடைய நூல்களுக்கு உரிமை நீடிக்கும் என்பதை அறியாமல், நல்லெண்ணத்தோடு நூல்களைப் பொதுவில் இட்டு இடர்ப்படுவோர் உண்டு.

இத்தனையும் எதற்காக என்று நேயர்கள் கேட்கலாம். திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் கேரள மாநில ஆவணக் காப்பகத்தின் மத்திய ஆவணச்சாலை இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே பனையோலைச் சுவடிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் உட்பட எண்ணிறந்த ஓலைகள் அக்காப்பகத்தின் வசம் உள்ளன. அவற்றுட் பல வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் மலையாண்மையிலும் எழுதப்பட்டவை. தமிழ்மொழியில் அமைந்தவையும் உண்டு. காரணம் வெளிப்படை. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. அதற்கு முன் அவை நெடுங்காலம் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தவை. மக்கள் ஒரு மாநிலத்திலும், அவர்களுடைய முன்னோரின் நிலம், வரி, வழக்கு, கோயில் முறை பற்றிய தலைநகர் ஆவணங்கள் மற்றொரு மாநிலத்திலும் நிற்கும் நிலை அன்று ஏற்பட்டது.

இத்தகைய ஓலைகளிலிருந்து என்ன கிடைக்கும் என்பதைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் காட்டியிருக்கிறார். திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், கவிதையோடு கல்வெட்டிலும் ஓலையிலும் ஆழ்ந்தவர். அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைப் படித்து, நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்கு அவை எத்துணை இன்றியமையாதவை என்பதை ஆய்வுலகம் அறியச் செய்தவர் அவரே. மன்னர் பட்டியல்களில் இடம் பெறாத சாதாரண மக்களின் கொடுக்கல் வாங்கலும், பஞ்சமும், வரிச்சுமையும் அத்தகைய ஓலைகளில் பேசுகின்றன.

இப்போது நாம் அஞ்சவேண்டிய இடம் வருகிறது. ஓலைகளைப் படம் எடுக்கும் வேலை பல இடங்களிலும் விரைந்து நடக்கிறது; அது நன்றே. ஆனால் படம் எடுக்கப்பட்ட ஓலை படிக்கப்பட்ட ஓலை ஆகாது. படத்தில் உள்ள எழுத்தைக் கணினியால் தேட முடியாது. ஒருவர் அதைப் படித்துப் பெயர்த்தெழுத வேண்டும், அல்லது படித்துக் காட்டி யந்திரத்தைப் பழக்க வேண்டும். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காணும் முறையைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய கூட்டாளிகளும் 1978லேயே ஆராய்ந்து வெளியிட்டனர். இன்று அச்செழுத்தைப் பொறுத்தவரை அவ்வேலை பெரிதும் எளிதாகிவிட்டது. கையெழுத்து ஓலைக்கோ, முதலில் மனிதர் படித்துச் சரிபார்த்த பக்கங்கள் நிரம்ப வேண்டும். அவற்றைப் படிக்க வல்லவர்கள் முதியவர்கள். அவர்கள் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. கணினி அறிந்த இளைஞர்களுக்கு வட்டெழுத்துத் தெரியாது. வட்டெழுத்து அறிந்த பெரியவர்களுக்குக் கணினி தெரியாது. இரு சாராரும் ஒரே மேசையில் சில ஆண்டுகளேனும் சேர்ந்து அமராவிட்டால், அழகிய படங்கள் மிஞ்சும்; அவற்றைப் படிக்க ஆள் மிஞ்சாது. இந்த இடைவெளியில் பாலம் போடத்தக்கவர்கள் கலைப் பட்டதாரிகளே. சான்றிதழ்ப் படிப்பை நாம் பரிந்துரைப்பதன் உண்மையான காரணம் இது.

எங்கே படிக்கலாம்? கேரள அரசு அமைத்து, 2020இல் தோன்றிய டிஜிட்டல் பல்கலைக் கழகம் திருவனந்தபுரத்தை அடுத்த மங்கலபுரத்தில் இயங்குகிறது. கணினிவழிக் கலையியலுக்கும் தாராளக் கலைகளுக்குமாக அதில் ஒரு தனிப் பள்ளி உண்டு. காரியவட்டம் வளாகத்தில் கேரளப் பல்கலைக் கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையமும் சுவடி நூலகமும் இருக்கின்றன. பயில்வோர் மூலச் சுவடிகளோடு பழக அத்தகைய இடம் வேண்டும். கல்கத்தாத் தமிழர்களுக்கு யாதவபுரப் பல்கலைக் கழகம் அருகில் உள்ளது. அங்குள்ள பண்பாட்டு நூல்கள், ஆவணங்கள் பள்ளி இத்துறையில் முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்தியிருப்பதோடு, ரவீந்திரநாத் தாகூரின் கைப்பிரதிகளையும் பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் 'பிசித்ரா' என்னும் பெருந்தொகுப்பையும் 2013இல் வெளியிட்டது. ஜோத்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இதனை முதுநிலைப் பட்டப் படிப்பாகவே வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்கள் சில இணைய வழியாகவும் கற்பிக்கின்றன. பாடத்திட்டமும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவனவாதலால், சேர விரும்புவோர் நேரில் விசாரித்துக்கொள்வது நன்று.

விசாரிக்கும்போது கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. படிப்பின் முடிவில் மாணவர் தாமே ஒரு மூல ஆவணத்தை எடுத்து முழுவதும் செய்து முடிக்கவேண்டுமா, அல்லது தேர்வு எழுதினால் போதுமா? அந்த ஆவணம் தமிழிலோ, தாம் அறிந்த வேறோர் இந்திய மொழியிலோ இருக்கலாமா? வழிகாட்டும் ஆசிரியருள் மொழியோ வரலாறோ அறிந்தவர் ஒருவரேனும் உண்டா? கற்பிக்கும் மென்பொருள்கள் படிப்பு முடிந்த பின்னும் பணம் இன்றிப் பயன்படுத்தத்தக்கவையா? இவற்றுக்கு இல்லை என்ற விடையே வருமாயின், அங்கே கட்டும் கட்டணத்துக்கு ஒரு காகிதம் மட்டுமே கிடைக்கும்.

படிப்பின் குறைகளையும் மறைக்கலாகாது. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. உதாரணங்களும் ஆங்கில இலக்கியத்திலிருந்தே வருகின்றன. ஆங்கிலத்தில் சொற்களுக்கிடையே உள்ள இடைவெளியை நம்பிச் செய்யப்பட்ட மென்பொருளுக்கு, 'வீட்டிலிருந்து' என்பதும் 'வீட்டுக்கு' என்பதும் தொடர்பில்லாத இரு சொற்கள்; வேற்றுமை உருபுகளைப் பிரித்துக் காட்டும் உழைப்பை நாமே மேற்கொள்ள வேண்டியிருக்கும். உத்தியோகத்துக்கும் உறுதி இல்லை. நூலகம், ஆவணக் காப்பகம், பதிப்பகம், பல்கலைக் கழக ஆய்வுத் திட்டம் ஆகிய இடங்களில் இப்பயிற்சி கைகொடுக்கும். ஆயினும் இச்சான்றிதழ் ஒன்றையே நம்பி இருக்கும் வேலையை விடுவது விவேகமாகாது.

வயது கடந்துவிட்டதே என்று தயங்குவோருக்கு ஐராவதம் மகாதேவனவர்களின் வாழ்க்கை ஊக்கம் தரும். ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்த அவர், 1970இல் ஏறத்தாழ நாற்பது வயதில், ஜவாஹர்லால் நேரு நினைவு ஆய்வு நல்கை பெற்றுச் சிந்துவெளி எழுத்துகளை ஆராய முற்பட்டார். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கணினியைக் கொண்டு அவ்வெழுத்துகள் அனைத்துக்கும் அவர் தயாரித்த தொடரடைவை இந்தியத் தொல்லியல் துறை 1977இல் வெளியிட்டது. அவ்வெழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. ஆனால் எந்தக் குறி எங்கே, எந்தக் குறிக்கு அடுத்து வருகிறது என்பதை அறிய விரும்பும் எவரும் அந்நூலைப் புரட்டாமல் இருக்க முடியாது.

தாய்நாட்டுக்கு வெளியே வாழ்வது இதற்குத் தடை என்று எண்ணுவதும் பொருந்தாது. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி உலகுக்கு வழங்கும் மதுரைத் திட்டம், 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் கூலி கருதாமல் நூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் அதனை வளர்த்தனர். ஈழத்து நூல்களுக்கென 2005இல் எழுந்த நூலகம் திட்டமும் அவ்வாறே தன்னார்வத்தால் வளர்ந்தது.

ஆகவே, சான்றிதழ் கைக்கு வரும் வரை காத்திராமல் இன்றே தொடங்கத்தக்க வேலையும் உண்டு. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் பழைய தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் கூட்ட நடவடிக்கைப் புத்தகங்கள், ஆண்டு மலர்கள், நாடக நோட்டீசுகள், வரவு செலவுக் கணக்குகள் பல அலமாரிகளில் செல்லரித்துக் கிடக்கும். புலம் பெயர்ந்த தமிழர் எங்கிருந்து வந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எவ்வாறு ஒருவரையொருவர் தாங்கினார்கள் என்பதற்கு அவற்றைவிட நம்பகமான சான்று வேறு இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்க. நல்ல வெளிச்சத்தில், பக்கம் விடாமல் படம் எடுத்து, பக்க எண்ணையே கோப்பின் பெயராக இடுக. புத்தகத்தின் பெயர், ஆண்டு, இருக்குமிடம், வைத்திருப்பவர் அனுமதி ஆகியவற்றைத் தனித் தாளில் குறித்து வைக்க. ஒரு பிரதியைச் சங்கத்திலும், ஒரு பிரதியை வேறோர் ஊரிலும் சேமிக்க. பிறகு பத்துப் பக்கங்களை மட்டும் யூனிகோடு எழுத்தில் உள்ளபடியே பெயர்த்தெழுதிப் பார்க்க. எங்கெல்லாம் நமக்கு ஐயம் எழுகிறது என்று அப்போது தெரியவரும். சான்றிதழ் வகுப்பில் கேட்கவேண்டிய கேள்விகள் அவையே. அக்கேள்விகளோடு வகுப்புக்குச் செல்லும் கலைப் பட்டதாரி, கணினியைத் தம் ஆராய்ச்சிக்குப் பணி செய்ய வைப்பார்.